நெரெய்தா மிதிக்காத பேஸ்

மூன்று வாரமாக எங்கள் ஆலைத் தெருவில் என்னோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. போனால் போகட்டும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண், காது, மூக்கெல்லாம் வைத்துவிடுவார்கள்.

என் பெயர் எலாடியோ. எங்கள் தெரு பேஸ்பால் அணியில், ஓடுகிறவர்கள் மிதித்துச் சுற்றிவர வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதைக் காப்பது நான்தான். ஒவ்வொரு வருடமும் கரும்பு வெட்டு தொடங்கும் முன் எங்களுக்கும் கடற்கரைத் தெருவுக்கும் இறுதிப் போட்டி நடக்கும். ஒன்பது வருடமாகக் கோப்பை அவர்களிடமே இருக்கிறது. எனக்குப் பதினோரு வயது. அந்தக் கோப்பையை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஏங்கியிருப்பேன், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடற்கரைத் தெரு அணியில் ஒரே ஒரு பெண். அவள்தான் நெரெய்தா. என் வகுப்பு. அவளுடைய அம்மா ஸ்பெயினுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு எங்கள் மளிகைக் கடைத் தொலைபேசியில் கூப்பிடுவார். அங்கே பொதுத் தொலைபேசியில் அவருக்குப் பின்னால் பெரிய வரிசை நிற்குமாம். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம்தான்.

நெரெய்தா இரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பாள்.

"மூணு மணிக்குத்தானே போன்? இப்பவே வந்துட்டியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சீக்கிரமா அடிச்சிட்டா?" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளைக் கிண்டல் செய்ததில்லை.

இந்த வருட இறுதிப் போட்டியும் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. இரண்டரைக்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருந்தது. கடற்கரைக்காரர்கள் அடிக்கும் முறை வந்தது. ஒரு ரன் எடுத்தால் கோப்பை அவர்களுக்கு. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒருவன். நெரெய்தா ஓர் அடி அடித்துவிட்டு முதல் பேஸில் வந்து நின்றாள்.

சொல்லி வைத்தாற்போல் தொலைபேசி மணி அடித்தது.

எங்கள் கடையின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்துதான் இருக்கிறது. அப்பா அதில் தலையை நீட்டி, "நெரெய்தா! அம்மா லைன்ல!" என்று கத்தினார்.

அவள் முகத்தைப் பார்த்தேன். ஐயோ, பாவமாக இருந்தது. அவளுக்குப் பதிலாக ஓடவும் ஆள் இல்லை. அவர்கள் அணியில் ஒரே மாற்று ஆளான பத்தாவது பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி.

"போயிடாதடி! ஒரே ஒரு அடிதான்!" என்று அவர்கள் தலைவன் கெஞ்சினான்.

நெரெய்தா பேஸில் ஒரு காலை வைத்துக்கொண்டே கத்தினாள். "மாமா! வைக்க வேணாம்னு சொல்லுங்க! நான் வர்ற வரைக்கும் இங்க நடக்கறதைச் சொல்லிட்டே இருங்க!"

நல்ல ஆளைப் பிடித்தாள்! எங்கள் ஊரிலேயே பேஸ்பால் புரியாத ஒரே மனிதர் என் அப்பாதான்.

கட்டையோடு வந்தவன் ஹெரார்தோ. அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியேதான் போனது. அப்படிப் போனால் மறுபடியும் அடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு. அவுட்டும் ஆகமாட்டேன் என்கிறான், ஒழுங்காக அடிக்கவும் மாட்டேன் என்கிறான்.

"நாலு நிமிஷம் இருக்கு!" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "மூணு!"

"சீக்கிரம் அடிச்சுத் தொலைடா!" என்று நெரெய்தா அலறினாள்.

அடித்தான். பந்து என் தலைக்கு மேலே பறந்து நடு மைதானத்தில் விழுந்தது. மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டான். கடற்கரைத் தெருவே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. தாளம், தட்டு, கூச்சல்!

ஆனால் ஆட்டம் முடியவில்லை. முதல் பேஸில் நின்றவள் இரண்டாவது பேஸுக்கு வந்து மிதிக்க வேண்டும். அதற்குள் பந்து என் கைக்கு வந்து நான் பேஸைத் தொட்டுவிட்டால் அவள் அவுட். அது மூன்றாவது அவுட், அவர்கள் முறை முடிந்துவிடும். அந்த ரன்னும் செல்லாது.

நெரெய்தா எங்கே? இரண்டாவது பேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நடு மைதானத்தில் எங்கள் நீனோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பந்து அவன் முழங்கால் பக்கத்திலேயே கிடந்தது. 'நீனோ, பந்து!' என்று நான் சொன்னால் போதும். ஆட்டம் தொடரும், கோப்பை ஆசையும் கைநழுவாது.

வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தேன், அவள் ஓடிக்கொண்டே பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள்.

"நெரெய்தா! பேஸை மிதிச்சிட்டுப் போடி!"

சத்தியமாக, அது என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நீனோவும் விழித்துக்கொண்டு பந்தை எடுத்து எறிந்தான். அவள் ஓடி வருகிறாள், பந்து பறந்து வருகிறது. பேஸில் கால் வைத்து, கையுறையை நீட்டி நின்றேன். பந்து முன்னால் வந்திருந்தால் நிச்சயமாக அவளை அவுட் ஆக்கியிருப்பேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அவள் மண்ணில் சறுக்கி வந்து பேஸில் காலை வைத்தாள். அதற்குப் பிறகுதான் பந்து என் கைக்கு வந்தது.

நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

"ஏன்டா சொன்னே?" என்றாள், மூச்சு வாங்க.

"அதெல்லாம் அப்புறம். எழுந்திரு!"

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அரை நிமிஷம்!" என்று அப்பா தொலைபேசியை நீட்டினார்.

"அம்மா!" என்றாள் நெரெய்தா.

மறுமுனையில் அவள் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ரெண்டாவது பேஸை மிதிச்சியாடி? நீ கடைப்பக்கம் ஓடி வர்றேன்னு இந்த மனுஷன் சொல்றாரே! மிதிச்சியா?"

"மிதிச்சேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா. அம்மா, நீ எப்போ..."

லைன் போய்விட்டது.

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. தாள் கையில் மடித்தபடியே இருந்தது. கண்ணீர் கன்னத்து மண்ணில் கோடு போட்டது.

"அழாதடி, நீங்கதானே ஜெயிச்சீங்க" என்றேன்.

"இன்னும் ஏழு நாள் இருக்குடா" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் புரியலம்மா. என்ன சொல்றதுன்னு தெரியாம, உன்னைப் பத்தியே சொல்லிட்டு இருந்தேன். நல்லா உயரமாயிட்டா, மூட்டெல்லாம் சிராய்ப்பு, பேஸ்ல நிக்கும்போது நாக்கை வெளியே நீட்டறான்னு. அதுக்குச் சிரிச்சாங்க பாரு!"

நெரெய்தா தலையை நிமிர்த்தினாள். "சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க, அழுதாங்க, திரும்பச் சிரிச்சாங்க. முடியைப் பின்னியிருக்காளா, பூ போட்ட ரிப்பனா, சாதாரண ரிப்பனான்னு கேட்டாங்க. ஸ்கோர் என்னன்னு ஒரு தடவைகூடக் கேக்கல."

வெளியே கோப்பையை வாங்க வரச்சொல்லி நெரெய்தாவின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள், "மொதல்லேர்ந்து சொல்லுங்க. 'ஹலோ'லேர்ந்து."

அப்பா 'ஹலோ'விலிருந்து ஆரம்பித்தார்.