முப்பத்தொன்பதாம் சுற்று

சைபர் வந்துவிட்டது, லூர்துராஜ் இன்னும் வரவில்லை.

மரியசெல்வி மறுபடி குனிந்து எண்களைப் பார்த்தாள். நாகலூருக்கு மேலே அந்த எஸ்டேட்டில் அவள்தான் கணக்கு எழுதும் ரைட்டர். நோட்டில் கோடு போட்டு ஆள் எண்ணினால் பேச்சுவாக்கில் ஒன்று தப்பும் என்று, பழைய கைப்பிடிக் கணக்கு மெஷினுக்கு எண்ணெய் விட்டு, கேட்டுப் பக்கத்து ஆபீஸ் ஜன்னலோரம் வைத்திருந்தாள். காப்பிக் காட்டுக்குள் போகும் ஒவ்வோர் ஆளுக்கும் கைப்பிடியை முன்னால் ஒரு சுற்று. உள்ளே பல்சக்கரம் எண்சக்கரத்தை ஓர் எண் தள்ளும், ஒன்பதைத் தாண்டினால் பக்கத்துச் சக்கரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வந்தால் பின்னால் ஒரு சுற்று. காலையில் முப்பத்தெட்டு, அவள் வீட்டுக்காரர் லூர்துராஜையும் சேர்த்து. மத்தியானமே இறங்கிவிட்ட பனியில், ஈரச் சணலும் நசுங்கிய காப்பிப்பழமும் மணக்க, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜன்னலைக் கடந்து லாரியில் ஏறியவர்களில் ஒரு முகமும் தெரியவில்லை. அவருடைய பீடி இருமலும் கேட்கவில்லை.

"சைபர் வந்துருச்சுங்களா? கேட்டைப் பூட்டீரலாமுங்க," என்றார் மேஸ்திரி சின்னையன்.

"அவரு வரலீங்க."

"நீங்க பீடிக்குத் திட்டுவீங்கன்னு சாக்குக்குள்ள பதுங்கியிருப்பாருங்க."

லாரியில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பூட்டிவிட்டால், உள்ளே இருப்பவருக்குக் காட்டெருமைதான் துணை.

அப்போது பனிக்குள் இருமல் கேட்டது. சாக்குப் போட்ட உருவம் ஒன்று ஜன்னலருகே வந்து நின்றது.

"எனக்காகவா நிக்கறே, செல்வி?"

அவர் குரல்தான். போன உயிர் வந்தது. பழகிய கை தானாகப் பின்னால் ஒரு சுற்று சுற்றியது.

மணி அடித்தது.

சைபருக்குக் கீழே இறங்கினால்தான் அது அடிக்கும். எல்லாக் கட்டத்திலும் ஒன்பது. போனவர்களைவிட வந்தவர்கள் ஒன்று அதிகம்.

லாரியில் ஒருவர் சாக்கை விலக்கினார். லூர்துராஜ். அதே மீசை. அதே நெற்றி.

"செல்வி, ஆருகிட்டப் பேசீட்டிருக்கறே?"

அவள் ஜன்னலில் நின்ற உருவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்தது. ஈரமான கை. மணி அடித்தால் முன்னால் ஒரு சுற்று, அதுதான் திருத்தம். அந்தக் கைக்கு அது தெரிந்திருந்தது; கைப்பிடியில் இருந்த அவள் விரல்களோடு சேர்த்துச் சுற்றியது.

கடக்.

ஒன்பதுகள் உருண்டன. சைபர். சைபர். சைபர்.

லாரியில், லூர்துராஜ் நின்ற இடத்தில், ஒரு சாக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. பிறகு மெல்ல மடிந்து விழுந்தது. பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னையன் கேட்டைப் பூட்டினார்.

பூட்டுக்கு அப்பால், வெகு மேலே, பனிக்குள்ளிருந்து யாரோ அதே பீடி இருமலோடு "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கைப்பிடியில் இருந்த அவள் விரல்களின் மேல் அந்த ஈரக் கை பொத்தியபடி இருந்தது.