கருகமணி குளோசப்

சீனாக்காரன் சண்டை முடிந்த மறு வருஷம், ஆவணியில் மழை மூட்டமான ஒரு மத்தியானம், எங்களுக்குப் பழக்கமான வீட்டுப் பையன் அழகிரி எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தான். கூடவே தங்கச்சி அமிர்தம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து திருச்சி சிந்தாமணியில் இறங்கி, எங்கள் தெருமுனையிலிருந்து நனைந்துகொண்டே நடந்திருக்கிறார்கள். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன்.

அழகிரி காலேஜில் கடைசி வருஷம். சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்திருந்தான். கதாநாயகிக்கு வேறு பெண் கிடைக்காமல் தங்கச்சியையே நடிக்க வைத்துவிட்டான். அதைக் காலேஜ் ஹாலில் போடுவதற்கு முந்தி ஒரு டிரெய்லர் காட்ட வேண்டுமாம். ஊரெல்லாம் நோட்டீஸ் போக வேண்டுமாம். நோட்டீஸை என் வீட்டுக்காரர் நிஜாமுதீன் அடித்துத் தருவதாகப் பேச்சு. பிலிமை வெட்டி ஒட்ட இருட்டாக ஒரு இடம் வேண்டும் என்றான். எங்கள் மாடி அறையைக் காட்டினோம். பழைய வீடு. ஆற்றுப் பக்கம் பார்த்த ஜன்னலைச் சாத்தினால் பகலிலேயே ராத்திரி மாதிரி இருக்கும்.

"பேய் கீய் இருக்காக்கா?" என்றாள் அமிர்தம்.

"இருந்தா அதுக்கும் சேத்து உங்க பாய் ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்துடுவார்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

மறுநாளிலிருந்து அழகிரி மேலே, அமிர்தம் கீழே என்னோடு. மெட்ராஸில் கழுவி வந்த பிலிமைத் துண்டு துண்டாக வெட்டித் துணி காயப்போடுகிற மாதிரி கயிற்றில் மாட்டியிருந்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் அதன் கண்ணாடியில் படம் ஓடும். அறை முழுக்கப் பசை நெடி. டீ கொண்டுபோன என்னை உட்கார வைத்து, டிரெய்லரின் கடைசித் துண்டைக் காட்டினான். கொள்ளிடக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் அமிர்தம். முகம் குளோசப்பில். காதில் ஓலை, கழுத்தில் கருகமணி.

அது ஏது என்று கேட்டேன்.

"கடையிலே வாங்கினது புதுசா மின்னுதுக்கா. ஆடிப்பெருக்கன்னிக்கு யாரோ ஆத்திலே விட்டது நாணல்லே மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. எடுத்துக் கட்டிவிட்டேன். ஷாட் முடிஞ்சதும் தண்ணியிலேயே போட்டுட்டோம்."

நான் குர்ஆன் ஓதி வளர்ந்தவள். ஆனாலும் இந்த ஊரில்தானே பிறந்தேன். ஆற்றுக்குக் கொடுத்ததை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். உங்கம்மாவுக்குத் தெரியுமா என்றதற்கு, சொல்லிடாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தக் காட்சியின் போட்டோவைக் கொடுத்துத்தான் நோட்டீஸில் படம் அடிக்கிற உலோக பிளாக் செய்தார்கள். என் வீட்டுக்காரர் அடித்தார், கட்டுக் கட்டாக வெளியே போயிற்று. மிஞ்சியதில் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

அதில் இருந்தது அமிர்தம் இல்லை.

வயதில் மூத்தவள். ஒட்டின கன்னம். முகத்தோடு ஒட்டிக்கிடந்த ஈர மயிர். கழுத்தில் அதே கருகமணி.

இதைப் பார்க்காமலா அடித்தீர்கள் என்றால், என் வீட்டுக்காரர் முழித்தார். வீட்டுக்கு வந்த அந்நியப் பெண்பிள்ளையை அவர் நிமிர்ந்து பார்க்கிறவர் இல்லை. அமிர்தத்தின் காலைத்தான் அவருக்குத் தெரியும். பிளாக் மாறி வந்திருக்கும் என்று போட்டோவை எடுத்தோம்.

போட்டோவிலும் அவள்தான்.

அவர் பிஸ்மி சொல்லிவிட்டு உளியால் பிளாக்கிலிருந்த முகத்தைச் சுரண்டினார். மறுபடி அடித்தார். சுரண்டின இடமும் முகமாகவே விழுந்தது.

மேலே அழகிரி பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டிருக்கிறான். குளோசப்பை வெட்டி எறிந்துவிட்டேன் என்றான். இப்போது மணலில் ஓடுகிற காட்சி. அதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. ஓடிவந்து திரும்பிப் பார்க்கிறாள்.

அவள்.

அதையும் வெட்டினான். அடுத்தது படித்துறை. அதிலும் அவள். வெட்ட வெட்ட டிரெய்லர் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் ஆறும் மணலும் மிஞ்சியது. அறையில் பசை நெடி போய்ச் சேற்று நாற்றம் அடித்தது. கயிற்றில் தொங்கின துண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்டு. சொட்டு.

"என்னக்கா செய்யறது?" என்றான்.

வெள்ளிக்கிழமை ஒருவர் வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் புழுதி, கையில் எங்கள் நோட்டீஸ். அடியில் பொடி எழுத்தில் பிரஸ் பெயர் போட்டிருப்போமே, அதை விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். பெயர் பிச்சமுத்து, திருவெள்ளறையில் விவசாயம்.

"இது என் சம்சாரம் ராக்கம்மாங்க. போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஆத்திலே இறங்கினவ ஏறலை. உடம்புகூடக் கிடைக்கலைங்க. எங்கே இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, நான் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

அழகிரி, இது சினிமா, நடித்தது என் தங்கச்சி என்று சொல்லி அமிர்தத்தை முன்னால் நிறுத்தினான். அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். இவங்க இல்லீங்க, மன்னிச்சுக்குங்க என்றார். சம்சாரத்தின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை, இன்னொரு நோட்டீஸ் தர முடியுமா என்று கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு மூச்சு வந்தது. நம் பெண் நம் பெண்ணாகத்தான் இருக்கிறாள்.

அமிர்தம் அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாவம், ரொம்ப இளைச்சுட்டார்."

என்னம்மா சொன்னே என்று கேட்டேன். நான் ஒண்ணும் சொல்லலையேக்கா என்றாள்.

அழகிரி படத்தையே நிறுத்திவிட்டான். பிலிமைக் கொளுத்தினான், நாங்கள் பிளாக்கை உருக்கப் போட்டோம். ஐப்பசியில் அவர்கள் அம்மா ரெங்கம்மாள் அமிர்தத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப டவுன் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்திருந்தார்களாம். உறையைப் பிரித்து நீட்டி, நல்லா விழுந்திருக்கா இல்லே ஷரீபா என்று பெருமையாகக் கேட்டார்கள்.

ஒட்டின கன்னம். ஈர மயிர்.

நிமிர்ந்து அமிர்தத்தைப் பார்த்தேன்.

போட்டோ சரியாகத்தான் இருந்தது.

பெற்றவள் முகத்தில் ஒரு சந்தேகம் இல்லை. எப்போதும் இப்படித்தான் இருந்தாள் என்கிற மாதிரி உறையை மடித்து வைத்துக்கொண்டு, பஸ் வருதா பார்க்கிறேன் என்று தெருவில் இறங்கினார்கள். அமிர்தம் என் கையைப் பிடித்தாள். ஆற்றுக் கல்லைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது.

"அக்கா, வீட்டிலே யாருக்கும் தெரியலை. உங்களுக்காவது என்னைத் தெரியுதா? நான் முந்தி எப்படி இருந்தேன், சொல்லுங்கக்கா."

கண்ணை மூடி யோசித்தேன். அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. சிரித்த முகம் வரவில்லை. எங்கே தேடினாலும் இவள்தான் வந்து நின்றாள்.

"தெரியுதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கை பிடித்த பிடி மெல்லத் தளர்ந்தது.

தெருவிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்கள். "அமிர்தம், பஸ் வந்துடுச்சு. அமிர்தம்."

அவள் அசையவில்லை. இன்னொரு தரமும் கூப்பிட்டார்கள். அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க யாரைக் கூப்பிடறாங்க?"