பதினேழாம் வரிசைக் கோதுமை

1961 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விவசாய ஆபீசர் சுப்பிரமணியம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குள் பாய்ந்து வந்ததைப் பார்த்து, யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்றே டிரெஸ்ஸர் ஆண்டியப்பன் மருந்துப் பெட்டியைத் தூக்கினார். விஷயம் கோதுமை! நான்கு வருஷமாக ரை என்ற தானியத்தைக் கோதுமையோடு கலந்து, அசுவினிப் பூச்சி அண்டாத பயிர் ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார் ஆபீசர். தேறியது பதினேழாம் வரிசை ஒன்றுதான். அதன் முற்றிய கதிர்களை எவரோ ஒன்றுவிடாமல் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விதைக்கு ஒரு மணி இல்லை.

வட்டகொடைப் பக்கம் எது காணாமல் போனாலும் பொலிசுக்கு முன்னால் மருத்துவிச்சி சிவகாமசுந்தரியிடம் வருவதுதான் வழக்கம். ஆபீசர் பொரிந்து தள்ளினார். இரண்டு நாள் நுவரெலியாவில் இருந்துவிட்டு நேற்று மாலைதான் திரும்பினாராம். காலையில் தின்ற ரொட்டிகூடக் கறுத்துப்போய், பசையாய் விரலில் ஒட்டியதாம். அந்த எரிச்சலோடு வயலுக்குப் போனால் இந்தக் கோலம். மீனம்மாதான் செய்தாள் என்று அடித்துச் சொன்னார். கொழுந்து எடுத்துப் பழகிய விரல் என்று பூந்தாதுப் பைகளைக் கிள்ளும் வேலைக்கு அவளை வைத்திருந்தார். போன வாரம் ஒரு கதிர் ஒடிந்ததற்கு ஊர் பார்க்க அவளை அறைந்துமிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அவள் தான் குடியிருக்கும் லயத்து அறையைக் காலி செய்யவேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் உத்தரவும் வாங்கியாயிற்று. மூன்று பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள் என்று கேட்டார் ஆண்டியப்பன்.

வயலில் சிவகாமசுந்தரி குனிந்து வெட்டுப்பட்ட தாள்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே சாய்வு. மூலையில் ஒரு கல்மேல் வாடிய செவ்வந்தி கிடந்தது. வெள்ளிதோறும் எந்தக் கிறுக்கனோ வைக்கிறான், நான் எட்டி உதைக்கிறேன் என்றார் ஆபீசர். பூச்சித் தொல்லை தீர்ந்தாலும், ரை கலந்த மாவு பிசைந்தால் ஒட்டுகிறது, அந்தக் குறையைத்தான் இனி நீக்கவேண்டியிருந்தது என்றார். ஆபீசரின் சமையற்கார மாயாண்டி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான்கு வருஷத்துக்கு முன்வரை தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்தவர்; தாமே கேட்டுக் குசினிக்கு வந்தவர்.

பூச்சிமருந்து விற்கிறவன் வேலைதான் இது என்று ஆண்டியப்பன் வழியெல்லாம் சாதித்தார்.

மாலையில் ஆபீசரின் பங்களா விறாந்தையில் சிவகாமசுந்தரி எல்லோரையும் கூட்டினார். மீனம்மா மேல் குற்றமில்லை என்று ரூபித்துவிட்டு, அவள் லயத்திலேயே இருக்கலாம் என்று ஆபீசர் கையால் துரைக்கு எழுதி வாங்கிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"கொழுந்து எடுக்கிறவ கதிர விரலால ஒடிப்பா. அருவா புடிச்சவன் மட்டமா அறுப்பான். மழத்தண்ணி தங்காம வழியணும்னு சாய்ச்சு வெட்டுறது கவ்வாத்துக் கைங்க. கோதுமையில அதுக்கு அவசியமே இல்ல. பழகுன கை, தன்னால போயிருச்சு."

தோட்டத்தில் கவ்வாத்துக்காரர் அறுபது பேர் உண்டே என்றார் ஆண்டியப்பன்.

"அறுவது பேருல ஆபீசருக்கு ரொட்டி சுடுறவரு ஒருத்தருதான்," என்றார் சிவகாமசுந்தரி. "கூப்பனுக்குக் கடையில குடுக்குற மாவு வெள்ளையா இருக்கும், ஒட்டாது. இன்னிக்கிக் காலையில அவரு தின்ன ரொட்டி கறுத்து ஒட்டுச்சே. என்ன மாயாண்டி அண்ணே?"

மாயாண்டி தட்டைக் கீழே வைத்தார். பயமே இல்லை அந்த முகத்தில்.

"எம் மக நாகலெட்சுமிய அந்த மூலையிலதாங்க பொதச்சேன். மண்ணப் பொரட்டாதீங்கன்னு ஒங்க கால்ல விழுந்தேன், என் மூஞ்சிகூட ஒங்களுக்கு நெனப்பில்ல. நெலம் மட்டமா இருக்கணும்னீங்க. நாத்துலயே புடுங்கியிருந்தா ஒங்களுக்கு வலிக்காது. அதான் நாலு வருசம் நானும் தண்ணி ஊத்துனேன். அது ஒங்க புள்ளையாகட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

மீனம்மாவைப் பார்த்து மட்டும் தலை குனிந்தார். வெள்ளிக்கு முன்னால் நானே சொல்லியிருப்பேன் என்றார்.

ஆபீசர் தம் விரல்களைப் பார்த்தார். எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார். அவர் வாந்தியெடுக்கும் சத்தத்தை மாயாண்டி கடைசிவரை நின்று கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பொலிசுக்குப் போகும் பாதையில் இறங்கினார்.