கடைசி என்று சொன்னவன்

காலை ஆறு மணிக்கு வேனைக் கொண்டுபோய் ஆற்றுச் சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். சைக்கிள் கூட்டத்தின் பதினோரு பேரும் எனக்கு முன்பே வந்து, செல்போனைத் தடவிக்கொண்டு நின்றார்கள். போகிற பாதையை அது கோடு போட்டுக் காட்டுமாம். நகரத்தைவிட்டு வெளியே போகிற ஒரே சாலை. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் குன்று. இதில் வழி தவற வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

நான் நாலாவது வரை படித்தவன். நாற்பத்தாறு வருஷமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். எனக்குத் தெரிந்து சைக்கிள் என்பது வேலைக்குப் போக, மூட்டை தூக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. இவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடமும் கிடையாது. முப்பது கிலோமீட்டர் போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே முப்பதைத் திரும்பி வருவார்கள். தோலோடு ஒட்டிய கால்சட்டை, தலையில் காளான். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்வார்கள், விழும்போது சைக்கிளைக் கட்டிக்கொண்டே விழ வசதியாக. "ஒரே விரல்ல தூக்கலாம் பெரியவரே" என்று ஒவ்வொருவனும் என்னிடம் தூக்கிக் காட்டியிருக்கிறான். தூக்குவதற்கா வாங்கினாய்?

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் என் மாப்பிள்ளை. அவனுக்காகத்தான் வந்தேன். முந்தின நாள் மகள் ஏழு மாத வயிற்றோடு கடைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு வருஷமா அந்தக் கூட்டத்தோட போகாம இருந்தார். நாளைக்குப் போறாராம். சொன்னா கேக்க மாட்டேங்குறார். நீங்க வேன்ல பின்னாலயே போங்க."

"உன் புருஷன் என்ன பால் குடிக்கிற பிள்ளையா?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. தூக்கத்துல எழுந்து உக்காந்து 'கடைசி, கடைசி'ன்னு சொல்றார். எனக்கு பயமா இருக்கு. எப்படிப் போறாரோ அப்படியே கூட்டிட்டு வந்து விட்டுடுங்க."

சரி என்றேன். அவளுக்கு நான் சொன்ன வாக்கு அது ஒன்றுதான்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். இவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் ஆடும். அதனால் ஒவ்வொரு வளைவு தாண்டியதும் வரிசையின் கடைசி ஆள் "கடைசி" என்று குரல் கொடுக்க வேண்டும். அது வாய் மாறி வாய் மாறி முன்னால் போகும். முன்னால் போகிற பல் டாக்டர் கையைத் தூக்குவார். எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். குரல் வராவிட்டால் மொத்தக் கூட்டமும் நிற்கும். டாக்டர் கண்டுபிடித்த முறை. படித்தவர், பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.

போன வருஷம் வரை கடைசி ஆள் ஒரு தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தபால் போட்ட அதே கனமான இரும்புச் சைக்கிளில் வருவார். தீராத இருமல், வாயில் எப்போதும் கிராம்பு. ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் "கடைசி" என்பார். அவர் பின்சக்கரத்து ஃப்ரீவீலில் ஒரு பல் உடைந்திருந்தது. மிதிக்காமல் இறக்கத்தில் விட்டால் டிக் டிக் டிக் டிக் என்று வந்து ஒரு இடத்தில் விட்டுப்போகும். மறுபடி டிக் டிக். மாற்றித் தருகிறேன் என்று பத்து தடவை சொன்னேன். "நான் வர்றது நாலு பேருக்குத் தெரியட்டும்" என்பார். பிடிவாதம் பிடித்த ஆள்.

ஆறு வளைகிற இடத்தில் சாலை ஏழு தடவை ஏறி ஏழு தடவை இறங்கும், பள்ளத்துக்கு ஒரு வளைவு. ஐந்தாவது பள்ளத்து வளைவில் அவர் ஆற்றுப் பக்கம் சரிந்து விழுந்தார். மத்தியானம் வரை அங்கேயே கிடந்தார். ஒரு மணி நேரத்துக்குள் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"கடைசின்னு குரல் வந்துச்சு. எல்லாரும் வந்தாச்சுன்னு போயிட்டோம்" என்றார்கள் பதினோரு பேரும். விழுந்து கிடக்கிறவன் எப்படிக் குரல் கொடுப்பான்? யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை. பொதுவாகவே நான் யாரையும் நம்புவதில்லை.

சரியாக ஒரு வருஷம் ஆகிறது என்று இப்போது நினைவுச் சவாரி. ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார்கள். அந்த ஒரு நிமிஷத்திலும் இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள்.

கிளம்பினோம். வரிசையில் கடைசியாக வங்கிக்காரர், அவருக்கு முன்னால் என் மாப்பிள்ளை, எல்லாருக்கும் பின்னால் என் வேன். ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து சாலை மேல் படுத்திருந்தது. ஈரமண் வாடை. முதல் பள்ளம். "கடைசி." இரண்டாவது. "கடைசி." மூன்றாவதும் தாண்டி நாலாவது மேட்டில் வங்கிக்காரருக்குப் பஞ்சர். ஊரார் பணத்தையே பூட்டி வைக்கிற மனுஷனுக்கு ஒரு டியூப் மாற்றத் தெரியவில்லை. சைக்கிளோடு வேனில் ஏறிக்கொண்டார்.

இப்போது மாப்பிள்ளை கடைசி ஆள்.

அவன் ஒரு தடவை திரும்பி என் வேனைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பனி அவனை மறைத்தது.

நாலாவது பள்ளம். அவன் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "கடைசி."

என் வேனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"கடைசி."

வங்கிக்காரர் என் கையைப் பிடித்தார். "பெரியவரே... பின்னால யாரு?"

"எதிரொலி சார். குன்று இருக்கில்ல? படிச்சவர்தானே நீங்க."

"எதிரொலி இருமுமா?"

கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு அந்தச் சத்தம்.

டிக் டிக் டிக் டிக். ஒன்று விட்டு. டிக் டிக் டிக் டிக்.

ஒரு சக்கரத்தை நான் காதாலேயே அடையாளம் சொல்லுவேன். அந்தச் சைக்கிள் ஒரு வருஷமாக என் கடைப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது. தபால்காரர் மனைவி அதைப் பார்க்கச் சகிக்காமல் கொண்டுவந்து போட்டது. பரணில் கிடக்கிற சக்கரம் என் பின்னால் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

சத்தம் என் ஜன்னலை ஒட்டி வந்தது. கிராம்பு வாசனை.

கடந்து போனது.

விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சாலையில், முன்னால் போனவர்களின் தடங்களுக்கு மேல், புதிதாக ஒரு கோடு தெரிந்தது. தடித்த டயர்த் தடம். எனக்கு முன்னால், யாருமே இல்லாமல், அது நீண்டுகொண்டே போனது.

"திருப்புங்க, திருப்பிடுங்க" என்று வங்கிக்காரர் கிசுகிசுத்தார்.

"வாயை மூடுங்க சார்."

ஐந்தாவது பள்ளத்தில் இறங்கினோம். மாப்பிள்ளையின் குரலுக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை.

முன்னால், வெகு முன்னால், ஒரு இருமல்.

"கடைசி."

அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறிப் போவது கேட்டது. டாக்டர் கையைத் தூக்கியிருப்பார். சக்கரங்களின் இரைச்சல் மேடேறித் தேய்ந்தது. ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசின்னு சொல்லியாச்சுல்ல, உங்க மாப்பிள்ளை முன்னாடி போயிட்டார். நீங்களும் போங்க பெரியவரே, நிக்காதீங்க!"

"எவன் சொன்னான்னு பாத்தீங்களா?"

வேனை நிறுத்தி இறங்கினேன். வளைவு வரை, மற்றவர்களின் தடங்களுக்கு மேல், புதிதாக இரண்டு டயர்த் தடங்கள். வளைவுக்கு அப்புறம் தடித்தது ஒன்றுதான். மற்றொன்று புல்லுக்குள் இறங்கியிருந்தது.

இந்த வயதில் அந்தச் சரிவில் நான் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்துகொண்டே வழுக்கினேன். மாப்பிள்ளை முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். ஒரு ஷூ பெடலோடு பூட்டிக்கிடந்தது. சைக்கிள் அவன் முதுகின் மேல். ஒரே விரலில் தூக்கலாம் என்று காட்டிய சைக்கிள். என் இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. யாரோ அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற கனம்.

கிராம்பு வாசனை மூக்கை அடைத்தது.

"விடுங்க தபால்காரரே" என்றேன். "என் பொண்ணு மாசமா இருக்கா. விட்டுடுங்க."

கனம் குறையவில்லை. ஷூவின் பட்டையை உரித்து அவன் காலை உருவினேன். சைக்கிளுக்கு அடியிலிருந்து அவனை வெளியே இழுத்து, தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கன்னத்தில் நாலு அறை. தண்ணீரைக் கக்கினான்.

"மாமா... நான்தான் மாமா. அன்னைக்கு அவர் ரொம்பப் பின்னால வந்தார். நின்னு நின்னு எனக்குச் சலிச்சுப்போச்சு. நானே கடைசின்னு சொல்லிட்டேன்."

கல்யாணத்தன்று முதல் அவனுக்கு மரியாதை கொடுத்தே பேசி வந்தவன் நான்.

"டேய், அதை ஏண்டா எங்கிட்ட சொல்றே? அங்க பாத்துச் சொல்லு."

அவன் மண்டியிட்டுப் பனியைப் பார்த்துக் கத்தினான். "நான் கடைசி இல்லே! பின்னால இன்னொருத்தர் இருக்கார்! இருக்கார்!"

இருமல் வரவில்லை. ஆறு மட்டும் ஓடியது. சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். ஒரே விரலில் வந்தது.

மேலே வந்தபோது வங்கிக்காரர் வேனுக்குள் கதவையெல்லாம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கூட்டம் டீக்கடை சேர்ந்த பிறகுதான் ஆள் குறைகிறது என்று கண்டுபிடித்தார்களாம். "குரல் வந்துச்சே" என்றார் டாக்டர் போனில். போனை வைத்துவிட்டேன்.

மகளிடம் அவனை ஒப்படைத்தேன். விலா எலும்பு இரண்டு போயிருந்தது, உயிர் இருந்தது. மறுநாளே தபால்காரர் மனைவி வீட்டுக்கு அழைத்துப் போய் அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். பரணிலிருந்து அந்த இரும்புச் சைக்கிளை இறக்கி, ஃப்ரீவீலைப் புதிதாக மாற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.

டிக் டிக் டிக் டிக். ஒன்று விட்டு. டிக் டிக்.

கழற்றி இன்னொரு புதியது போட்டேன். அப்படியேதான்.

சாயங்காலம் கடையைச் சாத்துமுன் இப்போதெல்லாம் உள்ளே பார்த்து ஒரு தடவை கேட்கிறேன்: "வேற யாராவது இருக்கீங்களா?" கேட்பது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருமல் வருகிறது. அதனால் ஷட்டரை முழுதாக இறக்குவதில்லை. ஆள் குனிந்து போகிற அளவுக்கு விட்டு வைக்கிறேன். போக நினைத்தால் போகட்டும்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். வாசல் சிமெண்டில் ஒரு டயர்த் தடம், ஈரமாக, ஷட்டருக்கு அடியில் புகுந்து உள்ளே போயிருந்தது.

வெளியே வந்த தடம் இல்லை.