நிர்வாகி தடுத்திருக்கிறார்

பிரவுசரின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டதும் விரிகிற பட்டியலின் அடியில், சாம்பல் நிறத்தில், ஒரு புது வரி இருந்தது: ‘இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.’

லட்சுமிப்ரியாவுக்கு ஏது நிறுவனம்? அப்படி ஒன்று கிடைக்க வேண்டுமென்றுதானே இத்தனை பாடு. ஆறு மணிக்குத் திருவனந்தபுரத்து கம்பெனி ஒன்று அவளை வீடியோவில் நேர்முகம் காண்கிறது. கிடைத்தால் இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் மாமியார் பிச்சம்மாளும் இந்தச் சுவர்களும்தான் கடைசிவரைக்கும்.

வெளியே ஐப்பசி மழை மதியத்திலிருந்து விடாமல் ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. நடவு முடிந்த வயல்களில் தவளைகள் மாற்றி மாற்றிக் கத்தின. சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரச் சுவரின் வாடையும், அலமாரியின் அந்துருண்டை வாடையும், அவற்றுக்கு அடியில், இத்தனை நாள் கழுவித் துடைத்தும் போகாத அந்த வெளிநாட்டு சென்ட்டின் இனிப்பு வாடையும் கலந்து கிடந்தன. அது அவள் புருஷன் பிரதீஷ் அடிக்கிற சென்ட். அவனுடைய உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை.

கம்பெனி அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டாள். திரை முழுக்க வெளிர்சாம்பல். நடுவே ஒரே வாக்கியம்: ‘இந்தப் பக்கத்தை உங்கள் நிர்வாகி தடுத்திருக்கிறார்.’

முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். இந்த வாக்கியத்தை எட்டு வருஷம் பார்த்தவள் அவள். சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய கம்பெனியின் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் எந்தப் பக்கம் திறக்கலாம், எது கூடாது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்மானிக்கிறவன் பிரதீஷ். கல்யாணமான மாதமே அதே பூட்டை அவள் லேப்டாப்பிலும் போட்டான். வைரஸ் வராமலிருக்கத்தான் என்றான். முதலில் வேலை தேடும் தளங்கள் போயின. பிறகு கூடப் படித்தவர்கள். பிறகு ரயில் டிக்கெட். மிச்சமிருந்ததும் அவன் வைத்த ஒரு முகவரி வழியாகத்தான் போய் வரும். அவள் எதைப் படித்தாலும் அன்று ராத்திரி போனில் அவன் சிரித்துக்கொண்டே கேட்பான்: “என்ன, இன்னைக்கு பி.எட். பத்தியெல்லாம் பாத்தியோ?”

அவன் நெஞ்சுவலியில் அங்கேயே போய்ச் சேர்ந்து, சவப்பெட்டியில் வந்து, எரிந்தும் ஆயிற்று. மறுநாளே அவள் தம்பி ஷிபின் வந்து லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக்கிக் கொடுத்தான். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இவன் செத்தும் கெடுப்பான் போலிருக்கிறது.

தக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷிபினைப் போனில் கூப்பிட்டாள்.

“ஏலே, அந்த வரி திரும்ப வந்திருக்குலே.”

“வராதுக்கா. அத்தானுக்க கணக்க அந்தக் கம்பெனிக்காரனுவ அன்னைக்கே நிறுத்தியாச்சு. பின்ன ஆரு இந்தப் பூட்ட அனுப்புகா? நீ இன்டர்வியூவ போன்ல பேசு.”

“போன்லயும் அதே வரிதாம்லே இருக்கு.”

போனில் கடை ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. “பயப்படாத. எனக்க லேப்டாப்ப எடுத்துட்டு இப்பமே வாறேன். ரோட்டுல வெள்ளம் கெடக்கு, ஆனாலும் வந்திருவேன்.”

போனை வைத்துவிட்டு, என்னென்ன கட்டுப்பாடுகள் போட்டிருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். அது மட்டும் எப்போதும் திறக்கும். தன்னைப் பூட்டியிருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும், அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். தடுக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ் திருவனந்தபுரத்துக் கம்பெனி இருந்தது. அதன் கீழே ஷிபினுடைய கடை. அதை அவள் தட்டச்சு செய்யவே இல்லை. வாயால் பேசியதோடு சரி. அதற்கும் கீழே, கம்பெனிப் பக்கம் கழக்கூட்டத்திலுள்ள பெண்கள் விடுதி ஒன்றின் பெயர். வேலை கிடைத்தால் அங்கே தங்கலாம் என்று பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்து நினைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

நினைத்ததுதான். வெறுமனே நினைத்தது.

மழை இரைச்சலுக்குள் தவளைகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அடியந்திரம் நினைவுக்கு வந்தது. போன வெள்ளிக்கிழமை, பதினாறாம் நாள் காரியம். அவனுடைய அறையில் இலை போட்டு, அவியலும் எரிசேரியும் பாயசமும் சிகரெட்டும் படைத்து, செத்தவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது வழக்கம். பிச்சம்மாள், அவனுடைய சாமான்களோடு வந்திருந்த ஆபீஸ் லேப்டாப்பையும் இலைக்கு முன்னால் வைக்கச் சொன்னாள்.

“அவனுக்கு அதுதான மக்கா உசிரு. தொறந்து வை. பூட்டி வெச்சா அவன் எப்பிடி எடுப்பான்?”

கிழவியோடு மல்லுக்கு நிற்க அன்று தெம்பில்லை. லட்சுமிப்ரியாதான் அதைத் திறந்தாள். ஒருமுறை அவசரத்தில் அவன் போனில் கத்திச் சொன்ன நிர்வாகி பாஸ்வேர்டை அவள்தான் தன் விரலால் அடித்தாள். முழு அதிகாரத்தோடு திறந்து வைத்து, கதவைச் சாத்தினாள்.

திரும்பக் கதவைத் திறந்தபோது எல்லாரும் இலையில் சோறு கலைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். லேப்டாப் மூடியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, ஷிபின் சொல்லிக் கொடுத்திருந்தபடி கம்ப்யூட்டரின் உள்ளே போய் ஒவ்வொரு கட்டுப்பாடாக அழித்தாள். பக்கம் காலியானது. மூச்சு விட்டாள். உள் அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பக்கம் தானாக நிரம்பியது. இரண்டு வரி கூடுதல். கேமரா: எப்போதும் அனுமதி. மைக்: எப்போதும் அனுமதி.

திரைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை நகத்தால் பெயர்த்தாள். இனி வைக்கக் கூடாது என்று பிச்சம்மாள் சொல்லியும் அவள் தூக்கிப் போடாத பொட்டு. அதைக் கேமராவின் கண்ணில் அழுத்தி ஒட்டினாள்.

“செத்தாச்சுல்லா? போயேம்டா! எட்டு வருசம் போதாதா ஒனக்கு?”

அடுக்களையிலிருந்து பிச்சம்மாள் குரல் கொடுத்தாள். “ஆருகிட்ட மக்கா பேசுக?”

சென்ட் வாடை கெட்டியானது. அதற்குள் இன்னொரு வாடை. பெட்டியை உடைத்துத் திறந்த அன்று மூக்கில் ஏறிய அந்த மருந்து வாடை.

ஆறு ஆகப்போகிறது.

பக்கம் ஒருமுறை சிமிட்டியது. தடுக்கப்பட்டவற்றின் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. தளமில்லை, முகவரியில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தது போல முழுப் பெயர்.

பி. லட்சுமிப்ரியா.

“அத்தை!” என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. தொண்டை வலித்தது. உதடு அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. ஷிபின் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். மழைத்தண்ணீரை வழிப்பதுபோல அவன் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டான். அவளைத் தாண்டி அடுக்களைப் பக்கம் பார்த்தான்.

“அத்தை, அக்கா எங்க?”

“உள் முறியிலதான் இருக்கா மக்கா. பேசிக்கிட்டு இருக்கா, கேக்கலியா?”

கேட்டது. சாத்திய உள் அறையிலிருந்து ஒரு பெண்குரல். பதற்றமில்லாத, பணிவான குரல். இத்தனை வருஷம் அவளிடமிருந்து பிரதீஷ் எதிர்பார்த்து, ஒருநாளும் கிடைக்காத குரல். ஆனால் அது அவளுடையதேதான்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம். எனக்கு இந்த வேலை வேண்டாம். எங்க வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை.”

பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

இல்லை, இல்லை, அது நானில்லை. ஷிபினின் முதுகில் இரண்டு கையாலும் அறைந்தாள். அவன் சட்டை அசையக்கூட இல்லை. அந்தக் கதவை நோக்கி எரிச்சலோடு சொன்னான்: “இதுக்கா என்ன மழையில வரவெச்ச?”

“மன்னிச்சுக்கோ மக்கா. நீ போய்க்கோ” என்றது கதவுக்குள்ளிருந்து அதே குரல்.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். பைக் சத்தம் வயலைத் தாண்டி, மழைக்குள் தேய்ந்து போயிற்று. அவள் வாசற்படிவரை ஓடினாள். அதற்கு மேல் கால் போகவில்லை.

“அத்தை, ரெண்டு காப்பி” என்றது உள்ளிருந்து அவளுடைய குரல்.

பிச்சம்மாள் மறு கேள்வி கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகன் போன பிறகு முதல் முறையாகச் சிரித்தபடி, இரண்டு தம்ளர்களோடு லட்சுமிப்ரியாவை உரசிக்கொண்டு நடந்து போனாள். கதவு உள்ளிருந்து ஒரு சாண் அகலம் திறந்தது.

இரண்டு கைகள் வெளியே நீண்டு தம்ளர்களை வாங்கிக்கொண்டன. ஒன்றில் அவளுடைய கண்ணாடி வளையல்கள் இருந்தன. மற்றதின் மணிக்கட்டில், தம்மாம் ஆஸ்பத்திரி பிணவறையில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை இன்னும் இருந்தது.