கூட வந்தவர்

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். தை மாதத்து ஒரு காலையில் மார்ட்டன் பழவேற்காட்டுக் கரையில் வந்து இறங்கினான். வயது இருபது. நோயாளிகளின் அருகில் அமர்ந்து வேதம் வாசிப்பதும், சாகிறவர்களுக்குக் கடைசிவரை துணையிருப்பதும் அவன் வேலை. அதற்காகத்தான் எட்டு மாதம் கடல் தாண்டி வந்திருந்தான்.

பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஞானதாஸ் அவனை வீட்டுக்கு அழைத்துப் போனார். நாற்பது வயதுக்காரர், ஒல்லாந்து மொழி நன்றாகப் பேசுவார். ஏரியைப் பார்த்து நின்ற பழைய ஓட்டு வீடு அது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் சேற்று வாடையும் கருவாட்டு வாடையும் முகத்தில் அடித்தன. ஓர் அறை. அதில் இரண்டு கட்டில்கள்.

"ரெண்டு பேர் வர்றாங்கன்னு கடுதாசி வந்துச்சே, ஐயா?" என்றார் ஞானதாஸ்.

"யோரிஸ் வரவில்லை. கரை தெரிவதற்கு நான்கு நாள் முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். கடலில்தான் அடக்கம் செய்தோம்."

யோரிஸும் அவனும் ஒரே ஊர், ஒரே தெரு. ஊழியத்துக்கு இரண்டிரண்டு பேராகப் போவதுதான் வழக்கம் என்பதால் இருவரும் சேர்ந்தே பெயர் கொடுத்திருந்தார்கள். ஞானதாஸ் இரண்டாவது கட்டிலை அகற்றாமல் விட்டுவிட்டார்.

வாரங்கள் ஒரே மாதிரி ஓடின. திங்களன்று கோட்டை மருத்துவச்சாலை. செவ்வாயன்று பிள்ளைகளுக்குப் பாடம். புதனன்று தோணியேறிக் கோட்டைக்குப்பம். வியாழனும் வெள்ளியும் கூப்பிட்ட வீடுகள். சனிக்கிழமை அம்மாவுக்குக் கடிதம். ஞாயிறன்று பாதிரியார் இல்லாத வேளைகளில் அச்சிட்ட பிரசங்கத்தைச் சபைக்கு வாசித்துக் காட்டுவான். வெயில் அவன் கழுத்தை உரித்தது. தமிழ் நாக்கில் புரள மறுத்தது. அம்மாவுக்கு எழுதி முடித்த பிறகு யோரிஸின் அம்மாவுக்கு ஒரு வரி எழுத வேண்டுமென்று ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்காருவான். மை காய்ந்துவிடும்.

ஒன்றை ஞானதாஸ் கவனித்தார். மார்ட்டன் எந்த நோயாளியின் பக்கத்திலும் உட்காருவதில்லை. வாசலிலேயே நின்று வேதத்துச் சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

மூன்றாவது புதன்கிழமை கோட்டைக்குப்பத்தில் பவுனம்மாள் வீட்டுக்குப் போனார்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். புருஷன் இல்லை. குப்பம்மாள் என்ற ஒரே மகள். பவுனம்மாள் மூன்று சிரட்டைகளில் நீராகாரம் கொண்டுவந்தாள். ஒன்றை ஞானதாஸிடமும் ஒன்றை மார்ட்டனிடமும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை ஏந்தியபடி வெளியே பார்த்தாள்.

"அவரு இன்னாத்துக்கு வெயில்லயே நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லுங்க சாமி."

"யாரும்மா?"

"உங்க கூட வந்தவருதான். துணியெல்லாம் ஈரமா கீதே."

வெளியே வெண்மணல். அதற்கப்பால் காயப்போட்ட வலைகள். வேறு யாரும் இல்லை.

ஞானதாஸ் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார். ஆனால் மார்ட்டன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான். ஈரம். சிரட்டையைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

திரும்பும்போது தோணிக்காரன் சுப்பன் கோலை ஊன்றி, விளிம்பைக் குனிந்து பார்த்தான். தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை ஏறியிருந்தது.

"மூணு பேருக்கு இம்மாந்தாழ்வு தாழாதே," என்றான் தனக்குள்.

தோணியில் இருந்தது அவனையும் சேர்த்து மூன்று பேர்.

அதன் பிறகு காலை வேளைகளில் மார்ட்டன் இரண்டாவது கட்டிலின் பாயை எடுத்து வெளியே உலர்த்துவதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். வெயிலேற ஏற அந்தப் பாயில் உப்புப் பூத்துக்கொண்டு வரும்.

தலை. தோள். மடங்கிய முழங்கால்.

யாராவது கேட்டால், கூரை ஒழுகுகிறது என்பான். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பங்குனியில் குப்பம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். பதினெட்டு வயது. சுற்றுவட்டக் குப்பங்களில் அவளைப்போல் வேகமாக வலை பின்னுகிறவர் கிடையாது. புதன்கிழமை மார்ட்டன் போனபோது அவள் கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. அவன் வழக்கம்போல் வாசலில் நின்று புத்தகத்தைத் திறந்தான்.

"அம்மா," என்றாள் குப்பம்மாள். "என்னாண்ட குந்தினு இருந்தாரே, அந்த ஈரத்துணிக்காரு. எழுந்து போய்ட்டாரா?"

"யாரும் இல்லடி கண்ணு."

"தோ, சாமி பின்னாலதான் நிக்கிறாரு."

மார்ட்டன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கழுத்துக்குப் பின்னால் கடல் வாடை அடித்தது. ஏரியின் சேற்று வாடை அல்ல அது. ஆழ்கடலின் குளிர்ந்த வாடை.

"அவரு ஒண்ணையேதான் கேட்டுக்கினு இருக்காரு. எனக்கு அர்த்தம் தெரியல," என்றாள் அவள். பிறகு கேட்டதை அப்படியே, குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

அவள் சொன்னது தமிழ் அல்ல.

குப்பத்தை விட்டுத் தாண்டாத பெண்ணின் வாயிலிருந்து சுத்தமான ஒல்லாந்து மொழி வந்தது. அதில் மார்ட்டனின் ஊர் வழக்குக்கூட அப்படியே இருந்தது.

"மார்ட்டன், நான் அசைந்ததை நீ பார்த்தாய், இல்லையா?"

புத்தகம் மணலில் விழுந்தது. மார்ட்டன் வேலியோரம் போய் உட்கார்ந்தான். ஞானதாஸிடம் ஒல்லாந்து மொழியில் சொன்னான்.

"ஆறு நாள் அவனுக்குக் காய்ச்சல். நான் பக்கத்தில் போகவில்லை, பயம். பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஏழாம் நாள் செத்துவிட்டான் என்று கப்பல் பாய்த்துணியில் வைத்துத் தைத்தார்கள். என்னைச் சங்கீதம் வாசிக்கச் சொன்னார்கள்."

"அப்புறம்?"

"நெஞ்சுப் பக்கம் துணி மேலே எழும்பியது. ஒரே ஒரு தரம். காற்றாக இருக்கும், கப்பல் ஆடியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கவில்லை. அப்படி நினைக்க விரும்பினேன். வாயைத் திறந்தால் தையலைப் பிரித்து அவனை மறுபடி அந்த அறையில் கிடத்துவார்கள். பார்த்துக்கொள்ள என்னை உள்ளே அனுப்புவார்கள். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். பலகையைக் கடல்பக்கம் சாய்த்துவிட்டார்கள்."

குடிசைக்குள் குப்பம்மாள் முனகினாள். பவுனம்மாள் வாசலுக்கு வந்து இருவரையும் பார்த்தாள். கேட்டதில் அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

"சாமி, எம்பொண்ணு பொழைக்குமா?"

மார்ட்டன் எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, முதல் தடவையாக ஒரு நோயாளியின் வீட்டுக்குள் போனான்.

அன்றும் மறுநாளும் அவன் குப்பம்மாளின் பாயருகே இருந்தான். நெற்றியில் ஈரத்துணி மாற்றினான், வாயில் கஞ்சித்தண்ணீர் விட்டான். வேதம் வாசிக்கவில்லை. பாயின் மறுபக்கத்தில் சாணம் மெழுகிய தரை, ஆள் உட்காரும் அளவுக்கு நனைந்தே கிடந்தது. பவுனம்மாள் துடைப்பாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி ஊறியிருக்கும். ஒரு தரம் மார்ட்டன் அந்த இடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னான்.

"பார்த்தேன், யோரிஸ். நான் பார்த்தேன்."

ஈரம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில், கட்டுமரங்கள் முகத்துவாரத்தைத் தாண்டும் நேரத்தில் குப்பம்மாள் கண் விழித்தாள்.

"ரெண்டு பேரும் இங்கயே இருங்க," என்றாள். சிறிது நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

பவுனம்மாள் மகள்மேல் விழுந்து அழுதாள். தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்தபோது மார்ட்டன் குறுக்கே கைநீட்டித் தடுத்தான். அந்தப் பெண்ணின் மூக்கருகே தன் புறங்கையைப் பிடித்தபடி முட்டிபோட்டிருந்தான். ஒரு நாழிகை. இரண்டு நாழிகை. வந்தவர்களுக்குக் கோபம் வந்தது.

"இருக்கட்டும், விடுங்க. அவரு மனசு ஆறட்டும்," என்றாள் பவுனம்மாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

அதன் பிறகு அவன் எந்த வீட்டிலும் வாசலில் நின்றதில்லை. வைசூரி வீட்டுக்குக்கூடப் போய்ப் பாயருகே உட்கார்ந்தான். ஒப்பந்தம் முடிந்து கப்பல் வந்தபோது ஏறவில்லை. யோரிஸின் அம்மாவுக்கு நடந்தது முழுவதையும் எழுதி அந்தக் கப்பலிலேயே அனுப்பினான். மறுகடிதம் வரவேயில்லை. ஏழாம் வருஷம் அதே காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. ஞானதாஸ் பக்கத்திலேயே இருந்தார். மூச்சு அடங்கிய பின்னும் ஒரு பகல் முழுக்க அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சவத்துணியைத் தைக்க விட்டார்.

புது ஊழியக்காரர் வரும்வரை வாரச் சுற்று ஞானதாஸின் பொறுப்பாயிற்று. சித்திரை வியாழக்கிழமை ஒன்றில் காட்டூரிலிருந்து ஆள் வந்தது. மார்ட்டன் ஒருநாளும் போகாத ஊர். பெரியசாமி என்ற நெல் விவசாயி சாகக் கிடந்தார். உச்சிவெயில். ஞானதாஸ் பாயருகே உட்கார்ந்து அவருடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, ஞானதாஸா?"

"ஆமாங்க."

"உன் கை சூடா இருக்குது." பெரியசாமி கண்ணைத் திறக்கவில்லை. "அந்தப் பக்கம் புடிச்சிக்கினு கீறாரே, அவரு கைதான் கெணத்துத் தண்ணியாட்டம் சில்லுனு கீது."

ஞானதாஸ் அந்தப் பக்கம் பார்த்தார். சுவர்தான் இருந்தது. அதன் அடியில் தரை, ஆள் உட்காரும் அளவுக்கு நனைந்திருந்தது.

"விடச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேணாம்பா. இருந்துட்டுப் போகட்டும். பாவம், அழுவுறாரு."

பாயின்மேல் கிடந்த பெரியசாமியின் இடக்கை விரல்கள், கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றி மெல்ல இறுகின.