ஒதுங்கிப் போன வரி

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விருதுலேர்ந்து என் பேரை அடிச்சிடுவாங்க" என்றபடியே துப்பறிவாளரின் அறைக்குள் வந்தார் ரசாயன ஆராய்ச்சியாளரான அந்த அம்மாள். வயது அறுபதை ஒட்டியிருக்கும். விரல்களில் அமிலம் தின்ற தழும்புகள்.

சூடான கம்பியின் மேல் வாயுக்கள் எந்த வேகத்தில் ஒட்டும் என்ற விதியை முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில் கண்டுபிடித்தவர் அவர். அதற்கு இப்போது பெரிய விருது. விருது அறிவித்ததும், அன்றைய ஆய்வுக்கூடத் தலைவர் தம் பழைய குறிப்பேட்டை நீட்டினார்: அதே ஆண்டு மார்ச்சிலேயே தாம் எழுதிவிட்டாராம், அம்மாள் திருடினாராம்.

"தாள், மை ரெண்டையும் சோதிச்சாச்சு சார். அந்த வருஷத்ததுதான்" என்றார் அம்மாள்.

"இந்தம்மாவே புளுகினா, அத்தான்?" என்று காதைக் கடித்தான் துப்பறிவாளரின் மச்சினன்.

"இருக்கலாம். வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திற, மச்சான்."

மறுநாள் விருதுக் குழுவின் அறை. துப்பறிவாளர் குறிப்பேட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"நடுவுல பக்கம் விட்டு எழுதுவீங்களா, ஐயா?"

"நானா? வரிசையா எழுதுவேன். அன்னிக்கு வேலை அன்னிக்கே!" என்றார் தலைவர்.

"இந்த ஓட்டை?"

"ஆய்வுக்கூடம்னா அமிலம் சிந்தாதா?"

"சிந்தும். ஜூன் பக்கத்துல பட்டாணி அளவு ஓட்டை. முந்தின மாசங்களுக்குப் புரட்டினா சின்னதாகிட்டே போய், மார்ச்சுல மிளகளவு. அப்போ ஜூன் பக்கத்து மேல விழுந்து கீழே இறங்கியிருக்கு. ஜூன்லயும் ஏப்ரல்லயும் எண்களைப் பாதி தின்னிருக்கு. இந்த மார்ச் பக்கத்துல மட்டும் ஒரு எழுத்தையும் தொடலை. வரி ஓட்டைக்கு முன்னாடி நின்னு, தாண்டித் தொடங்குது."

"குழியைப் பார்த்த சைக்கிள் ஒதுங்குற மாதிரி!" மச்சினனால் அடக்க முடியவில்லை.

"குழி முதல்ல, சைக்கிள் அப்புறம். ஜூன் வரைக்கும் அது வெத்துப் பக்கம். மே மாசம் இவங்க சொன்னதைக் கேட்டு, பிறகு அதுல எழுதி மார்ச்னு தேதி போட்டிருக்கீங்க. அதே வருஷத்து மைங்கிறதால சோதனையில மாட்டலை."

தலைவர் மேசையைத் தட்டினார். "என் நோட்டுல அமிலத்தைக் கொட்டினதே இவதான்!"

விருதுக் குழுவின் தலைவர் பேனாவை மூடினார். "இவங்க பேரு இருக்கட்டும்."

"ஆமா, நான்தான் கொட்டினேன்" என்றார் அம்மாள். "அதுக்கு ஒரு வாரம் திட்டினீங்க. நானும் மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பை இப்போ திருப்பி வாங்கிக்கறேன், ஐயா."